இன்றைய பத்து வரி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், 1995ஆம் ஆண்டின் 11ஆந்தர வகுப்பு மாணவிகள் எண்மரின் சார்பில், அவர்களுள் வைத்தியராகப் பணிபுரியும் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பைப் பேச அழைத்த சங்கத்தினர் உடல்நலம் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். மேடையில் நிற்பவர் வைத்தியர் என்றால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் வரத்தானே வேண்டும்! ஆனால் இன்று வேறொரு நோயைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறோம். இந்த மலரைத் தொகுத்த குழுவினருக்கு அந்த நோய் நன்கு தெரியும். கட்டுரை தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் தராமல் இருந்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் உள்ளோம். அந்தப் பட்டியலில் முதலிடம் எங்கள் வகுப்புக்கே.

நாங்கள் எட்டுப் பேர். மூவர் யாழ்ப்பாணத்தில், ஒருத்தி வவுனியாவில், இருவர் கொழும்பில், ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில். மலர்க்குழு எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இடப்பெயர்வுக் காலத்தில் இந்தக் கல்லூரி எப்படி இருந்தது என்று ஆளுக்கு இரண்டு பக்கம். வட்ஸ்அப் குழுவில் எட்டுப் பேரும் உடனே சம்மதித்தோம். கைகூப்பும் படங்கள், இதயப் படங்கள் எல்லாம் போட்டோம். மூன்று மாதம் கழித்து மலர்க்குழுச் செயலாளர் கேட்டபோது எட்டுப் பேரிடமும் ஒரு வரிகூட இருக்கவில்லை.

சாட்டுகள் நிறைய இருந்தன. மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. மாமியாருக்குக் கண் ஒப்பரேஷன். வேலை. பனி. "இருந்து வடிவாய் எழுத வேணும், அதுக்கு ஒரு மனநிலை வேணும்" என்று ஒருத்தி எழுதினாள். மற்ற ஏழு பேரும் அதற்கு ஆமோதித்தோம்.

எழுத உட்கார்ந்தும் எழுத வராமல் நிற்கும் இந்த நிலையை ஆங்கிலத்தில் ஒரு தனிப் பெயரால் அழைக்கிறார்கள். தமிழில் எழுத்துத் தடை என்று சொல்லலாம். எங்கள் அம்மாமாரிடம் கேட்டால் "பஞ்சி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் இது பஞ்சி மட்டும்தானா என்று நாங்கள் யோசிக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் எங்களில் எவரும் எழுதாதவர்கள் அல்லர்.

வைத்தியர்களாகிய நாங்கள் நாள் முழுதும் எழுதிக்கொண்டே இருக்கிறோம். அரசாங்க வைத்தியசாலை விடுதியில் ஒவ்வொரு நோயாளிக்கும் பெட் ஹெட் ரிக்கற் என்று ஒரு கோவை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் விடுதி சுற்றி வரும்போது ஒவ்வொரு கட்டிலிலும் நின்று அதில் எழுத வேண்டும். நாற்பது கட்டில் என்றால் நாற்பது குறிப்பு. "இன்று ஏழாம் கட்டிலைப் பற்றி எழுதுவதற்கு மனநிலை வரவில்லை" என்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பதைத் தாதிய சகோதரியிடம் கேட்டுப் பாருங்கள். இரவெல்லாம் கண்விழித்த களைப்பிலும் எழுதுகிறோம். முதலில் திகதி. பிறகு நேரம். நோயாளி என்ன சொன்னார், நாங்கள் என்ன கண்டோம், அடுத்து என்ன செய்யப் போகிறோம். எழுதி முடிந்ததும் அடுத்த கட்டில்.

இப்படி வருடத்துக்கு ஆயிரக்கணக்கான குறிப்புகளை எழுதும் கை, தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதமாட்டேன் என்று நிற்கிறது. வங்கியில் வேலை செய்பவளுக்கும் அதே கதை. பாடசாலையில் படிப்பிக்கும் இருவருக்கும் அதே கதை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் கணினித் திரையில் கூடி, நோயாளியை விசாரிப்பதுபோல எங்களை நாங்களே விசாரித்தோம். மூன்று காரணங்கள் வெளிவந்தன.

முதலாவது, மொழி. நாங்கள் பேசுவது ஒரு தமிழ். எழுதுவது இன்னொரு தமிழ். "வந்தவை" என்று எழுதுவதா, "வந்தார்கள்" என்று எழுதுவதா? "ரீச்சர்" என்பதா, "ஆசிரியை" என்பதா? முதல் வரியிலேயே பேனை நின்றுவிடுகிறது. மருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்று ஆங்கிலத்திலேயே குறிப்பெழுதிப் பழகியவர்களுக்கு இது இன்னும் கடினம். "எங்களுக்குத் தமிழில் எழுத வராது" என்று நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் இந்த மண்ணிலே அந்தச் சாட்டு செல்லாது. 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் பார்த்த சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கே தமிழைக் கற்றார், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார், மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியவை ஆயிரக்கணக்கான பக்கங்கள். நோயாளி பார்த்த நேரம் போக மிஞ்சிய நேரத்தில் அவர் அதைச் செய்தார். தமிழில் பிறந்த எங்களுக்கு இரண்டு பக்கம் பெரிய பாரமாகிவிட்டது.

இரண்டாவது காரணம், சிவப்பு மை. கட்டுரை என்றதும் எட்டுப் பேருக்கும் நினைவுக்கு வந்தது கட்டுரைக் கொப்பியின் ஓரத்தில் இருந்த சிவப்புக் கோடுகள்தான். நாற்பத்தைந்து வயதாகியும், எழுதும்போது தோளுக்குப் பின்னால் யாரோ நின்று ஒற்றுப் பிழை பார்க்கிறார்கள் என்ற உணர்வு போகவில்லை.

மூன்றாவது காரணத்தை அன்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன் என்று சொல்லித்தான் எல்லாரும் திரையை அணைத்தோம். இங்கேயும் அதற்குப் பின்னர் வருகிறோம்.

அன்றைய பேச்சில்தான் ஒருத்திக்குப் பத்து வரிக் கொப்பி நினைவுக்கு வந்தது. எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், இந்த உரையில் சந்திப் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். 1994ஆம் ஆண்டு அவர் எங்களுக்கு ஒரு வழக்கம் வைத்தார். காலையில் இடாப்புக் கூப்பிட்டு முடிந்ததும் பத்து வரி எழுத வேண்டும். எதைப் பற்றியும் எழுதலாம். மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தலில் திரி வைத்த விளக்கில் படித்த காலம். தாள் கிடைக்காமல் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான காலம். அந்தத் தட்டுப்பாட்டிலும் ரீச்சர் பத்து வரியை விடவில்லை. தாள் மிச்சம் பிடிப்பதற்காக இரண்டு கோட்டுக்கு நடுவிலும் எழுதினோம்.

அந்தக் கொப்பியில் ரீச்சர் என்ன திருத்தினார் என்று எட்டுப் பேரும் யோசித்தோம். ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பிறகுதான் விளங்கியது, அதில் அவர் எதையும் திருத்தவே இல்லை. திகதி போட்டிருக்கிறோமா, பத்து வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஒரு சரி போடுவார். சிவப்பு மை எல்லாம் கட்டுரைக் கொப்பிக்குத்தான். எழுதிப் பழக ஒரு கொப்பி, திருத்திப் பழக வேறொரு கொப்பி. பதினைந்து வயதில் எங்களுக்குத் தந்த அந்தப் பெரிய பாடத்தை நாற்பத்தைந்து வயதில்தான் கண்டுபிடித்தோம்.

விஞ்ஞானம் படித்தவர்கள் ஆதாரம் கேட்பார்கள் அல்லவா? தேடிப் பார்த்தோம். றொபேட் பொய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எழுத முடியாமல் தவித்த 27 பல்கலைக்கழக ஆசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதற் குழு அவசியம் வந்தாலொழிய எழுதக்கூடாது. இரண்டாவது குழு மனம் வரும்போது எழுதலாம். மூன்றாவது குழு மனம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நாட்களில் எழுதியே ஆக வேண்டும், தவறினால் தண்டம். மூன்றாவது குழு அதிக பக்கங்கள் எழுதியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்கள் அதிகம் தோன்றியதும் அந்தக் குழுவினருக்குத்தான் என்பதே முக்கியம். எண்ணம் வந்தால் எழுதுவோம் என்று நாங்கள் காத்திருந்தோம். எழுதியவர்களுக்குத்தான் எண்ணம் வந்தது.

இன்னொன்று, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவரது சகாக்களும் செய்து 2010இல் அச்சில் வந்த ஆய்வு. 96 பேர் தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, நடப்பது போன்ற ஒரு சிறிய செயலைத் தினமும் ஒரே சந்தர்ப்பத்தோடு பொருத்திச் செய்து பார்த்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற எடுத்த காலத்தின் இடையப் பெறுமானம் 66 நாட்கள். சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணிக்கப்பட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எங்கள் கிளினிக்கில் நடக்கத் தொடங்கி, மூன்றாம் நாள் மழைக்கு நின்று, "இனி எனக்குச் சரிவராது டொக்டர்" என்று சொல்லும் அம்மாமாருக்கு நாங்கள் தினமும் சொல்வதும் இதைத்தான்: நேற்று விட்டதை விடுங்கோ, இண்டைக்கு நடவுங்கோ.

ஆகவே ரீச்சரின் வழக்கத்தையே மறுபடி தொடங்கினோம். எண்பது பக்கக் கொப்பி ஆளுக்கு ஒன்று. விதிகளும் சில வைத்துக்கொண்டோம்.

ஒன்று, ஏற்கனவே தவறாமல் செய்யும் ஏதாவது ஒரு வேலையோடு எழுத்தைக் கட்டிவிடுவது. வவுனியாக்காரி காலைத் தேநீரோடு எழுதினாள். ரொறன்ரோக்காரி இரவு பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி கழுவி வைத்ததும் எழுதினாள். வைத்தியசாலையில் இருப்பவர்கள் விடுதிக்குப் போகுமுன் வாகனத்துக்குள் இருந்து எழுதினோம்.

இரண்டு, பெட் ஹெட் ரிக்கற் போலவே முதலில் திகதியும் நேரமும். அதை எழுதியதுமே தாள் வெறுந்தாளாக இராது. வெறுந்தாளைப் பார்த்துத்தான் பயம்.

மூன்று, பத்து வரி. பதினொன்றாவது வரி வந்தால் தடையில்லை. ஆனால் பத்து எழுதியதும் அன்றைய கடமை முடிந்தது.

நான்கு, முப்பது நாள் முடியும்வரை எழுதியதைத் திரும்ப வாசிக்கக்கூடாது, திருத்தவும் கூடாது.

ஐந்து, எழுதியதை ஒருவருக்கும் காட்டத் தேவையில்லை. எழுதி முடிந்ததும் குழுவில் "பத்து" என்று ஒரு சொல் போட்டால் போதும். ஒரு நாள் விட்டால் மறுநாள் இருபது எழுதக்கூடாது. கடன் சேர்ந்தால் கொப்பியைத் திறக்கவே மனம் வராது.

முதல் வாரம் எழுதியது சிரிப்புக்கிடமானது. "இண்டைக்கு எழுத ஒண்டும் இல்லை" என்று ஒருத்தி பத்து வரியும் அதையே எழுதியிருந்தாள். பால்மா விலை, வாகன நெரிசல், முழங்கால் நோ எல்லாம் வந்தன. ஒருத்தி சமையல் குறிப்பு எழுதினாள். பேசும் தமிழா எழுதும் தமிழா என்ற வழக்கு ஐந்தாம் நாளே தீர்ந்துவிட்டது. வாயில் வந்ததை எழுதினோம், அவ்வளவுதான். இரண்டாம் வாரமளவில் ஒவ்வொருவரின் கொப்பிக்குள்ளும் பள்ளிக்கூடம் மெல்ல நுழைந்தது. விஞ்ஞானகூட அலுமாரியின் மணம். கிணற்றடி. மணி அடிக்கும் இரும்புத் துண்டு. குண்டு வீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் இறங்கி, அங்கிருந்தே வாய்ப்பாடு சொன்னது. நாங்கள் கூப்பிடவில்லை. அவை தாமாகவே வந்தன.

நாற்பதாம் நாள் தாண்டியதும் மூன்றாவது காரணமும் வந்தது.

எங்கள் வகுப்பில் ஒன்பதாவதாக ஒருத்தி இருந்தாள். அவளுடைய பெயரை இங்கே சொல்லவில்லை. எங்களோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் அடி அடியாகக் கடந்த சனத்துக்குள் நாங்களும் இருந்தோம், அவளும் இருந்தாள். நாங்கள் எட்டுப் பேரும் தென்மராட்சியில் தங்கினோம். ஒரு பாடசாலையில் பின்னேர வகுப்பாக எங்கள் கல்லூரி நடந்தது. அவளுடைய குடும்பம் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டது.

1996 மாசி மாதம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரோ கிளாலியால் வந்தவர் கொண்டுவந்து தந்தது. கொப்பித் தாள். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம். புதுப் பள்ளிக்கூடம் பற்றி, நுளம்பு பற்றி எழுதியிருந்தாள். கடைசியில், "ரீச்சர் இப்பவும் பத்து வரி எழுத விடுறாவோ? நீங்கள் என்ன எழுதுறியள்? ஆளுக்குப் பத்து வரி எழுதி அனுப்புங்கோ" என்று கேட்டிருந்தாள்.

கடிதம் கொண்டுவந்தவர் திரும்பிப் போக இரண்டு கிழமை இருந்தது. எங்களுக்குத் தாள் இருந்தது, பேனை இருந்தது. இருந்து வடிவாய் எழுதுவம் என்று நினைத்தோம். ஒருத்தி எழுதுவாள் என்று மற்றவள் நினைத்தாள். அவர் போய்விட்டார். பிறகு யாராவது போவார்கள்தானே என்றோம். சித்திரையில் இராணுவம் தென்மராட்சிக்கு வந்தது, கிளாலிப் பாதை அடைபட்டது, நாங்கள் வலிகாமம் திரும்பினோம். அந்த வருடக் கடைசியில், அவள் மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோன செய்தி வந்தது.

இருபத்தெட்டு வருடம் இதை எங்களில் ஒருவரும் மற்றவரோடு பேசியதில்லை. இடப்பெயர்வு பற்றி எழுதத் தொடங்கினால் இங்கே வந்து நிற்க வேண்டும் என்று எட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது. நேரமில்லை, மொழி வரவில்லை என்றெல்லாம் சொன்னதற்கு அடியில் இருந்தது இந்தக் கடிதந்தான். 41ஆம் நாளா 42ஆம் நாளா சரியாகத் தெரியாது, கொழும்பில் இருப்பவள் குழுவில் வழக்கமான "பத்து" என்ற சொல்லுக்குப் பதிலாக ஒரு கேள்வி போட்டாள்: "நாங்கள் ஏன் அவளுக்குப் பதில் எழுதேல்லை?" அந்த வாரத்தில் எட்டுப் பேரும் எழுதினோம். அதன் பிறகு மலருக்கான கட்டுரைகள் பத்து நாளில் முடிந்தன.

இந்த இடத்தில் வைத்தியர்களாக ஒன்று சொல்ல வேண்டியவர்களாக உள்ளோம். ஜேம்ஸ் பென்னிபேக்கர், சான்ட்ரா பீல் ஆகிய ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடமாக நான்கு நாள் தங்கள் மனத்தை வருத்திய சம்பவங்களை எழுதினார்கள். சம்பவத்தையும் அது தந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் வைத்தியரிடம் போனது குறைந்திருந்தது. ஆனால் எழுதி முடித்த வேளையில் அவர்களுடைய மனம் முன்னரைவிடப் பாரமாகவே இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் பலன் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. ஆகவே எழுத்து எல்லா நோவுக்கும் மருந்து என்று நாங்கள் சொல்ல மாட்டோம். எங்களில் இருவர் அந்த வாரம் நித்திரை கொள்ளவில்லை. ஒருத்தி உளநல ஆலோசகரிடம் போனாள், இப்போதும் போகிறாள். எமது மண்ணில் ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்படாத ஒரு கடிதம் இருக்கிறது. அதைத் தனியே திறக்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பாரம் தாங்கவில்லை என்றால் கொப்பியை மூடிவிட்டு உதவி தேடுங்கள்.

கட்டுரைகள் முடிந்ததும், அச்சுக்குக் கொடுக்குமுன் அவளுடைய தாயாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று தீர்மானித்தோம். எங்களில் இருவர் கிளிநொச்சிக்குப் போய் அம்மாவைக் கண்டோம். எட்டுக் கட்டுரையையும் வாசித்துக் காட்டினோம். அம்மா அழுவா என்று பயந்தபடிதான் வாசித்தோம். அவ அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தா. முடிந்ததும் ஒன்றுதான் கேட்டா: "பிள்ளையள், எல்லாரும் உங்கட கவலையை எழுதி இருக்கிறியள். அவள் சிரிச்சா எப்பிடி இருக்கும் எண்டு ஒருத்தரும் எழுதேல்லையோ? எனக்கு இப்ப அது மறந்து மறந்து போகுது."

எங்களுக்கு வாயடைத்துப் போய்விட்டது. அம்மா சொன்னது உண்மை. வடிவாய்த் திருத்தித் திருத்தி எழுதிய எட்டுக் கட்டுரையிலும் எங்கள் குற்ற உணர்வு இருந்தது. அவள் இருக்கவில்லை.

வீடு திரும்பி எட்டுப் பேரும் எங்கள் கொப்பிகளை முதல் பக்கத்திலிருந்து வாசித்தோம். "எழுத ஒண்டும் இல்லை" என்று அலுத்துக்கொண்டு எழுதிய நாட்களின் பக்கங்களில்தான் அவள் இருந்தாள். ஒன்பதாம் நாள் ஒருத்தி கிணற்றடியைப் பற்றி எழுதும்போது, வாளிக் கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்ததற்கு அவள் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை ஒரு வரியில் எழுதியிருந்தாள். இன்னொருத்தியின் கொப்பியில், சத்தம் வராமல் அடிமட்டத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பாள், ஆனால் வாங்கு ஆடுவதில் பிடிபட்டுவிடுவாள் என்று இருந்தது. லண்டன்காரி அவளுடைய முன்பல் இடைவெளியைப் பற்றி எழுதியிருந்தாள். பாம்புக்கும் பயப்படாதவள் பல்லியைக் கண்டால் மேசையில் ஏறுவதைப் பற்றி ஒருத்தி எழுதியிருந்தாள். எட்டுக் கொப்பியிலிருந்தும் அந்த வரிகளை மட்டும் பொறுக்கினோம். இருபத்திமூன்று வரி வந்தது. ஒரு சொல்லும் மாற்றாமல், பேச்சுத் தமிழ் பேச்சுத் தமிழாகவே, ஒரு கொப்பித் தாளில் கையால் எழுதி அம்மாவுக்கு அனுப்பினோம். அம்மாவின் விருப்பப்படி இந்த மலரில் எங்கள் வகுப்பின் பக்கத்தில் வருவதும் அந்த இருபத்திமூன்று வரிகள்தான். கட்டுரைகள் எங்களிடமே இருக்கட்டும்.

அன்புக்குரியவர்களே, நூறு வருடக் கல்லூரி இது. இந்த மண்டபத்தில் எண்பது வயது தாண்டிய அக்காமார் இருக்கிறீர்கள். எங்களுக்குத் தெரியாத அதிபர்களை, இடிந்துபோன கட்டடங்களை, வெட்டப்பட்ட மாமரத்தை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். "எங்களுக்கு இனி என்ன எழுத்து" என்று சொல்லாதீர்கள். 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் தமது வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் வாரம் வாரமாக எழுதத் தொடங்கியது 1940ஆம் ஆண்டு. அது அவருக்கு 85 வயது நிறைந்த ஆண்டு. 1942இல் மறையும்வரை எழுதினார், கதை முடிவடையவில்லை. முடிக்க முடியுமா என்று பார்த்துவிட்டு அவர் தொடங்கியிருந்தால் எங்களுக்கு 'என் சரித்திரம்' கிடைத்திராது.

பெண்கள் எழுதுவது எங்கள் மண்ணுக்குப் புதிதும் அல்ல. மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' நாவலை வெளியிட்டது 1914இல். அவருக்கும் அடுப்படி இருந்தது, வீட்டு வேலை இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் பெரிது, நேரம் போதாது என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இடாப்புக்குப் பிறகு ஐந்து நிமிடம், திருத்தப்படாத ஒரு கொப்பி, பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். பரீட்சையில் அதற்குப் புள்ளி இல்லை. முப்பது வருடம் கழித்து அவர்களில் ஒருத்தி வந்து நன்றி சொல்லக்கூடும், இன்று நாங்கள் சொல்வதுபோல.

பின்வரிசையில் இருக்கும் தங்கைமாரே, உங்கள் கைத்தொலைபேசியில் ஆயிரம் படங்கள் இருக்கும். அவற்றில் முகம் இருக்கும். பக்கத்து வாங்கில் இருப்பவள் எதற்குச் சிரிப்பாள், எப்போது கோபிப்பாள், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாள் என்பது எழுதினால்தான் இருக்கும். அவளுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றினால் இன்றைக்கே எழுதுங்கள். வடிவாய் எழுத வேண்டாம். பிழையாகவே எழுதி அனுப்புங்கள்.

நாங்கள் எண்மரும் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறோம். மலர் அச்சாகிவிட்டது, இனி எவரும் எங்களிடம் கட்டுரை கேட்கப் போவதில்லை. ஆனாலும் காலையில் நான்கைந்து முறையும் யாழ்ப்பாணத்து விடியலுக்குச் சற்று முன் ரொறன்ரோவிலிருந்து ஒரு முறையும் "பத்து" என்ற சொல் வந்து விழுகிறது. இடையில் விட்டவர்களும் உண்டு, திரும்ப வந்தவர்களும் உண்டு. இன்று காலை, இந்த உரைக்குப் புறப்படுமுன், வாகனத்துக்குள் இருந்து எழுதிய பத்து வரியில் முதல் வரி திகதி, இரண்டாவது வரி நேரம். மூன்றாவது வரி, "இண்டைக்கு ரீச்சரைக் காணப்போறம்" என்பது.

ரீச்சர், கொப்பி கைப்பைக்குள் இருக்கிறது. உரை முடிந்ததும் கொண்டுவருகிறோம். நீங்கள் திருத்த வேண்டாம். ஒரு சரி மட்டும் போட்டுத் தாருங்கள்.